குங்குமம் மறைத்த ஒன்பதாம் வரி

குருபோங்,
1 செப்டம்பர் 2025

அன்புத் தம்பி கணேசுக்கு,

பதினாறு வயதில் நான் சொன்ன ஒரு வார்த்தையால்தான் நீ செஸ் ஆடுவதை விட்டாயா? வாட்சப்பில் கேட்டால் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். அதனால் கடிதம்.

ஞாயிறு 14ஆம் தேதி செஸ் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு, இப்போது பின்வாங்கப் பார்க்கிறாய் என்று உன் மனைவி திலகா சொன்னாள். “நான் ஆடுறது குருட்டு ஆட்டம்னு அக்காவே அப்பவே சொல்லிட்டாங்க” என்றாயாம் அவளிடம்.

1992, மாநிலப் பள்ளிகளின் இறுதியாட்டம். எதிராளியின் ராஜாவைக் காத்த சிப்பாயை மந்திரியால் வெட்டி, அந்த மந்திரியையே பலி கொடுத்தாய். பின்னாலேயே குதிரையும் ராணியும் போய் ஜெயித்தன. நாம் குடியிருந்த ரப்பர் தோட்டத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் எல்லார் முன்னாலும் சொன்னேன்: “குருட்டு ஆட்டம். அவன் பயந்துட்டான்டா, அதான் ஜெயிச்சே. ராஜாவை முன்னாடி ஏத்தியிருந்தா நீ காலி.”

புள்ளியியல் பாடம் நடத்துகிறவளுக்கு ஊகத்தோடு இருக்க முடியவில்லை. அம்மா சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்த உன் ஆட்டத்தாளை எடுத்து, நகர்வு நகர்வாகக் கணினியில் போட்டேன். பலி தவறு என்கிறது. ராஜா முன்னால் ஏறித் தப்பிவிடுகிறான். கணினி தந்த தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். நான் சொன்னது சரிதான். ஆனால் சந்தோஷமாக இல்லை. நீ போட்டிக்குப் போ.

உன் அக்கா,
பவானி

*

பத்து பெரண்டாம்,
6 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கையால் எழுதிய உறையைப் பார்த்ததும் யாருக்கு என்னவோ என்று திலகா பயந்துவிட்டாள். நீங்கள் காரணமில்லை என்று எழுதலாம். எழுதினால் பொய். பேக்டரி ஷிப்டும் காரணம், நீங்களும் காரணம்.

ஆனால் அக்கா, நீங்கள் அனுப்பிய தாளில் இருபத்து மூன்று நகர்வுகள். நான் ஆடியது இருபத்து நான்கு. ஜெயித்து வந்த அன்று, புது மோட்டார் சைக்கிளுக்கு வைப்பதுபோல அம்மா அந்தத் தாளுக்கும் பொட்டு வைத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? அது விழுந்த இடம் ஒன்பதாவது வரி. நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள்.

அந்த வரியில்தான் என் ஓரச் சிப்பாயை இரண்டு கட்டம் முன்னால் வைத்தேன். ராஜா முன்னால் ஏறினால் அது இன்னொரு கட்டம் போய் அவனைத் தாக்கும். அதற்காகவே வைத்தேன். பஸ்ஸில் அதைச் சொல்ல வாயெடுத்தேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

போட்டியைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை.

உங்கள் தம்பி,
கணேஸ்வரன்

*

குருபோங்,
13 செப்டம்பர் 2025, சனி

அன்புக் கணேசு,

தாளுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். பொட்டுக்கு அடியில் உன் சிப்பாய் இருக்கிறது, எதிராளியின் பதிலும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்ததும், அரை நிமிடத்தில் கணினி உன் மந்திரிப் பலியையே முதலாவதாகக் காட்டியது. நம்பாமல் ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். ராஜா எந்தப் பக்கம் போனாலும் விழுகிறான்.

விடுபட்ட தரவைப் பற்றி வருடா வருடம் பாடம் நடத்துகிறவள் நான். தவறு என்னுடையது, பஸ்ஸில் செய்ததும் கணினியில் செய்ததும். பதினாலு வயதில் நீ பார்த்ததை நான் பார்க்க முப்பத்து மூன்று வருடம் ஆயிற்று.

தபாலில் போட்டால் நேரத்துக்கு வராது. நாளை மண்டபத்துக்கே கொண்டு வருகிறேன். நீ வந்தாலும் வராவிட்டாலும் நான் அங்கே இருப்பேன்.

ஞாயிறு மாலை

கடிதத்தைக் கொடுக்கவில்லை. நான் வந்தபோது நீ மேசையில் உட்கார்ந்துவிட்டிருந்தாய். மூன்றாம் சுற்றில் எதிராளி ராஜாவின் வாசலிலேயே யானையைப் பலி கொடுத்தாய். மற்ற மேசைக்காரர்கள் எழுந்து வந்தார்கள். பக்கத்தில் நின்ற பெரியவர், “யாரு லா இது? பயமே இல்ல!” என்று கிசுகிசுத்தார். “என் தம்பி” என்றேன். பஸ்ஸில் பேசிய அதே சத்தத்தில். நடுவர் என்னை முறைத்தார்.

எதிராளி தப்பிவிட்டார். நீ தோற்றாய். ஆட்டத்தாளைக் கேட்டேன்.

“தோத்த தாள் லா, அக்கா. இதையும் கம்ப்யூட்டர்ல போடப் போறீங்களா?”

“போடலைடா, கொடு.”

போடவில்லை. வீட்டுக்கு வந்து அதற்குக் குங்குமம் வைத்தேன். தாளின் ஓரத்தில், எந்த வரியும் மறையாத இடத்தில். இத்துடன் இருக்கிறது.

பவானி