இடது கையைக் கேட்கவில்லை

மார்ச் 6, 2006

பேருந்தில் எழுதுகிறேன், எழுத்து ஆடுகிறது. பதினைந்தாம் தேதி தணிகாசலத்துக்கு அறுவை சிகிச்சை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவாளர். போன வருடம் சைக்கிளிலிருந்து விழுந்து, வலது முன்கை எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. உள்ளங்கை மேலே திரும்பாது; தறியில் ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடாவைப் பிடிக்க முடியாது. எலும்பை எங்கே வெட்டி எத்தனை டிகிரி திருப்புவது என்று முதன்முறையாக என் ப்ரோகிராம் தானாகவே சொல்லியிருக்கிறது. நல்ல இடது கையின் ஸ்கேனைக் கண்ணாடியில் தெரிவதுபோல் புரட்டினால் அதுதான் மாதிரி. பதினொரு டிகிரி.

"பட்டனை அமுக்கினா ஆச்சு ஸிந்துஜா, எனக்கு மூணு மணி நேர வேலை மிச்சம்" என்று அறுவை செய்யப்போகும் டாக்டர் ராம்ப்ரஸாத் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 9

எத்தனை முறை ஓட்டினாலும் பதினொன்றுதான். பிறகென்ன பயம், அசடே?

மார்ச் 12, ஞாயிறு

அட்மிஷன் சீட்டு கொடுக்க தணிகாசலம் வீட்டுக்குப் போனேன். மனைவி மணியம்மாள் சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்ற, இடது கையில் ஏந்திக் குடித்தார். தண்ணீர் நிற்காமல் வழிந்தது. உள்ளங்கை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. இடது கை!

"இதுவும் ஒடைஞ்சுதா?"

"பத்து வயசுலம்மா. நாட்டு வைத்தியருகிட்ட கட்டு கட்டிக்கினு வந்தோம், சரியாப்பூடுச்சி."

"நான் கேட்டப்போ இல்லைன்னீங்களே?"

"ஆஸ்பத்திரிக்கே போவலியேம்மா."

'முன்பு எலும்பு முறிவுக்குச் சிகிச்சை பெற்றதுண்டா?' – படிவத்தில் நானே எழுதிய கேள்வி. ஏழு வயதில் என் மணிக்கட்டுக்கும் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். என்னைக் கேட்டிருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். கட்டுப் போட்டதை எங்கள் ஊரில் யார் சிகிச்சை என்கிறார்கள்?

ஒரு கோணல் கையைப் பார்த்து இன்னொன்றைத் திருத்தச் சொல்லியிருக்கிறேன். ஐயோ பெருமாளே.

மார்ச் 13

சொன்னால் இரண்டு வருட உழைப்பு போச்சு. சொல்லாவிட்டால் –

காலை எட்டு மணிக்குச் சொல்லிவிட்டேன். டாக்டர் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, எக்ஸ்ரே மேல் தானே அளவு எடுத்தார். இருபத்திரண்டு டிகிரி. என் பக்கம் திரும்பவேயில்லை. எனக்கு அழுகையாக வந்தது.

மார்ச் 15

முடிந்தது. விரல்கள் அசைகின்றன.

ஜூலை 3

தணிகாசலம் தறியில் உட்கார்ந்துவிட்டார் என்று மணியம்மாள் போன் செய்தார். ப்ரோகிராமை இன்னும் யாருக்கும் ஓட்டவில்லை. நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன். கோணலாய்க் கூடிய ஒரு கையோடு காத்திருக்கும், முன்பு வேறு முறிவே கிடையாது என்று எழுதிக் கொடுத்திருந்த பதினான்கு நோயாளிகளிடம், "எந்தக் கையிலாவது எப்பவாவது கட்டுப் போட்டீங்களா?" என்று மறுபடி கேட்டேன்.

ஐந்து பேர் மற்ற கையை நீட்டினார்கள்.