பத்து லட்சம் எழுத்து தள்ளி

மார்ச் 6
நகராட்சிக் கூட்டம் மூன்று மணி நேரம் இழுத்தது. பேப்பருக்குத் தேறிய செய்தி நாலே வரி. வீட்டுக்கு வந்தால் மகள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். பேரனுக்கு இரண்டு கையிலும் கட்டைவிரல் இரட்டை. ஜீன் பரிசோதனையில் பழுது ஏதும் இல்லையாம். நல்ல செய்திதானே? அவள் மாமியார் போனில் சொன்னது: "ஜீன் நல்லாத்தான் இருக்காம். அப்ப மாசமா இருக்கும்போது நீ முழுங்கின தலைவலி மாத்திரைதான்."

மார்ச் 7
அவளும் அதையே நம்புகிறாள். அதுதான் கொடுமை.

மார்ச் 11
மரபியல் டாக்டரம்மாவைப் பார்த்தேன். "எதைப் படிச்சுப் பார்த்தீங்க?" என்றேன். ஜீனை மட்டும் என்றார். கொஞ்சம் தயங்கி, "அதை இயக்குற ஸ்விட்சைப் படிக்கல சார். அது டி.என்.ஏ.வுல பத்து லட்சம் எழுத்து தள்ளி, வேற ஒரு ஜீனுக்குள்ள இருக்கு."

அவ்வளவு தூரத்திலிருந்து எப்படி?

கழுத்திலிருந்த அடையாள அட்டைக் கயிற்றை மடித்து, எட்ட இருந்த இரண்டு இடத்தைச் சேர்த்துப் பிடித்தார். டி.என்.ஏ. சுருண்டு கிடக்கிறது. கருவில் கை முளைக்கும்போது, அந்த மொட்டில் மட்டும் சுருள் தளரும். மடிப்பு விழுந்து ஸ்விட்ச் ஜீனை நெருங்கும். அந்த ஜீன், சுண்டுவிரல் பக்கம் மட்டும் எரிய வேண்டிய விளக்கு. ஸ்விட்சில் ஓர் எழுத்து பிசகினால் கட்டைவிரல் பக்கமும் எரியும். அங்கே இன்னொரு விரல்.

"மாத்திரை?"

"அந்த எழுத்து பெத்தவங்ககிட்டயே இருந்தா, மாத்திரைக்கு இதுல வேலையே இல்ல சார்."

மார்ச் 12
ரத்தம் கொடுத்தோம். பேரன், மகள், மருமகன். மகளின் அம்மா உயிரோடு இல்லை, அதனால் அவளைப் பெற்றவர்களில் நான் மட்டும்.

மார்ச் 20
அந்த எழுத்து என்னிடம் இருந்தால் தேவலை. இப்படியும் ஒருவன் வேண்டிக்கொள்வானா? அசதி. எழுத ஓடவில்லை.

ஏப்ரல் 2
இருக்கிறது. பேரனிடம், மகளிடம், என்னிடம். எங்கள் விரல்கள் சரியாகத்தானே இருக்கின்றன? சிலரிடம் வெளியே தெரியாமலே போய்விடுமாம்.

"என்னால வந்ததும்மா" என்றேன்.

சீறினாள். "என்னப்பா பேசறீங்க? தெரிஞ்சா குடுத்தீங்க? உள்ள எங்கேயோ கிடந்த ஒரு எழுத்துக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள். வேறு யாரோ தன்னிடம் சொன்ன மாதிரி.

ஏப்ரல் 3
மாமியாருக்கு அவளே போன் போட்டாள். "மாத்திரை இல்ல, அத்தை. எங்கப்பா எழுதி வச்ச சொத்து." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கூடுதல் விரலை எடுக்க அறுவை சிகிச்சை டாக்டரிடம் நாள் கேட்கக் கிளம்பினேன். "இருங்கப்பா, நாங்களும் வர்றோம்" என்று பையனைத் தோளில் போட்டுக்கொண்டு, எனக்கு முன்னால் படி இறங்கினாள்.