வேலிக்கு நேரான வரம்பு

ஒக்டோபர் 4, வெள்ளி

காலையில் வெயில். பின்னேரம் இடியோடு மழை. இங்கே கொழும்புக் காலி வீதியில் கணுக்கால் அளவு தண்ணீர், கொஞ்ச நேரத்தில் எல்லாம் கடலுக்குப் போய்விட்டது. வவுனியாவில் ஒரு சொட்டும் இல்லையாம்.

தம்பி கஜன் போன் எடுத்தான். கொழும்பு வேலையை விட்டு வவுனியாவில் அப்பாவின் மேட்டுக்காணிக்குப் போனவன். இது இரண்டாவது மாரி. கிணறு போதாது, மழையை நம்பித்தான் உழுந்து. போன வருடம் மழை பெய்தும் பயிர் காய்ந்தது. எப்படி என்று கேட்டேன்.

“தண்ணி ஓடிப் போச்சு அக்கா.”

“எங்க?”

“ரோட்டுக்கு.”

“ஏன் ஓட விட்டனீ?”

போனை வைத்துவிட்டான். ரோசம்.

ஒருமுறை விதைக்க மட்டும்தான் விதை இருக்கிறது. இதுவும் போனால் திரும்பி வந்துவிடுவானாம். ஹாட்வெயார் கடை ஃபாரூக் நானா, கணக்குப் பார்க்கிற வேலையை மாதம் முடியும்வரை அவனுக்கு வைத்திருக்கிறார்.

பாமன்கடை மிஸ் தைக்கத் தந்த பிளவுஸ். கை இன்னும் பூட்டவில்லை.

ஒக்டோபர் 6, ஞாயிறு

கஜன் காணிப் படம் அனுப்பினான். தண்ணீரை மறிக்க இந்த முறை குறுக்கே நாலு வரம்பு. வேலிக்கு நேராக, கோடு போட்ட கொப்பி மாதிரி. இன்சூரன்ஸ் ஒஃபிசில் இருந்தவன் வேறு எப்படிப் போடுவான்!

எனக்கும் செய்து பார்க்க ஆசை. கேக் தட்டில் பூச்சாடி மண், கரண்டியால் வரம்பு. ஒரு மூலைக்குக் கீழே தீப்பெட்டி வைத்து, தேத்தண்ணி வடியால் மழை பெய்வித்தேன். தண்ணீர் வரம்போடு ஓடி எதிர் மூலையில் குவிந்தது, உடைத்தது. மறுபடியும் அதே மூலை.

உடனே அவனுக்கு எடுத்தேன். “தண்ணி ரோட்டுக்குப் போறது ஒரே மூலையாலயோ?”

“வேப்பமரத்தடி. உனக்கு ஆர் சொன்னது?”

“கேக் தட்டு.”

வேலிக்கு நேர் என்றால் ஆயிற்றா, நிலத்துக்குச் சரியாக இருக்க வேண்டாமா? பிளவுஸ் கழுத்தை அடிமட்டம் வைத்து நேர்கோடாக வெட்டினால் யார் போடுவது? மூன்றாம் தரம் வரம்பைக் கோணலாக இழுத்தேன், இரண்டு முனையும் ஒரே உயரத்தில். தண்ணீர் நீளத்துக்கும் நின்றது. மெல்ல இறங்கியது. பல்கனி முழுக்கச் சேறு. சந்தோஷம்.

ஒக்டோபர் 7, திங்கள்

தட்டில் கண்ணுக்குத் தெரிகிறது. காணியில் சம உயரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? நானாவிடம் கேட்டேன். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய்ச் சுருளை எடுத்துப் போட்டார்.

“எங்கட மேசன் பாஸ்மார் இதுலதான் மட்டம் பாக்கிற. தண்ணிய நெரப்பினா ரெண்டு நுனியிலயும் ஒரே உசரத்துல நிக்கும். ஆருக்கு, தம்பிக்கா? அவர் இங்க வாறதாத்தானே பேச்சு?”

“வர முதல் ஒருக்காப் பாக்கட்டும் நானா.”

வவுனியா பஸ்ஸில் போட்டுவிட்டேன். திரும்பி வரும்போது ஒரு நினைப்பு. சரிவராவிட்டால் வீட்டுக்கு வருவான். தனியே சமைத்துத் தனியே தின்று எனக்கு அலுத்துவிட்டது. சரிவராமலே போகட்டும் என்று நினைத்தேன். சீ.

ஒக்டோபர் 10, வியாழன்

வானம் மப்பு. காலை முழுக்க கரண்ட் இல்லை, தையலும் இல்லை.

கஜன் எடுத்தான், ஒரே உற்சாகம். குழாயின் இரண்டு நுனியிலும் தண்ணீர் ஒத்து நிற்கும் இடமெல்லாம் குச்சி நட்டானாம். குச்சிகள் வேலியோடு போகாமல் வளைந்து வளைந்து போகின்றனவாம். பழைய நாலு வரம்பையும் வெட்டிச் சரித்துவிட்டு, குச்சி வழியே புதிது. மூன்று முடிந்தது.

“மற்ற நுனிய ஆர் பிடிச்சது?”

“பக்கத்துக் காணி.”

“காணிக்குப் பேர் இல்லையோ?”

“ரேவதி.”

“ஓ!”

“அக்கா, மழையப் பற்றிக் கேள்.”

கேட்டேன். இரண்டொரு நாளில் வருமாம். வயதைக் கேட்க மறந்துவிட்டேன்.

ஒக்டோபர் 13, ஞாயிறு

இங்கும் மழை, அங்கும் மழை. கஜன் போன் எடுக்கவில்லை. பிளவுஸ் கை இடம் மாறிப் பூட்டுப்பட்டுவிட்டது, பிரிக்க வேண்டும்.

பின்னேரம் வீடியோவில் வந்தான். தலை முதல் கால் வரை சேறு. வரம்புக்கு வரம்பு தண்ணீர் நீளமாக நிற்கிறது. நாலாவது ஓரிடத்தில் உடைந்ததாம், “சாக்கு வச்சு அடைச்சிட்டம்” என்றான். அடைச்சிட்டம்! வேறு யாரும் வீடியோவில் இல்லை, நன்றாகப் பார்த்தேன்.

“ரோட்டுக்கு?”

“ஒண்டும் போகேல்லை அக்கா.”

ஒக்டோபர் 14, திங்கள்

தூறல். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணுக்குள் இறங்குகிறதாம், வற்றியதும் விதைப்பான்.

“நானாட்டச் சொல்லிவிடு அக்கா, நான் வரேல்லை.”

“விதைச்சு, முளைச்சாப் பிறகு சொல்லுவமே?”

“இப்பவே சொல்லு.”

பின்னேரம் கடைக்குப் போனேன். வேறு ஆளைப் பார்க்கச் சொன்னேன்.

“ஏன், பயிர் வெளஞ்சிட்டா?” என்றார் நானா.

“இன்னும் விதைக்கவே இல்லை.”

“அப்ப எத நம்பி வரல்லயாம்?”

“தண்ணி நிக்குது நானா,” என்றேன். வீட்டுக்கு வந்து ஒரு ஆளுக்கு உலை வைத்தேன்.