இரண்டு கால் முள்ளங்கி

ஏங்க, அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். கோபத்தில் இல்லை. நாளை பௌர்ணமி, கிரிவலக் கூட்டத்தில் பஸ் ஏற முடியாது. நாளை மறுநாள் வருவேன். ரசம் அடுப்பு மேலே இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

நேற்று என்ன சொன்னீர்கள்? "நீ சாபம் வுட்டுத்தான் முள்ளங்கி வெறும் தழையா நிக்குது." ஜைனர் வீட்டில் பிறந்த நான் மண்ணுக்கடியில் விளைவதைச் சாப்பிடமாட்டேன், அவ்வளவுதான். சாபமெல்லாம் விடத் தெரியாது. யூரியாவை ஜாஸ்தி போட்டது யார்? அதில் இலைதான் கொழுக்கும். அட்சதை போடுகிற மாதிரி ஒரே இடத்தில் விதையைத் தூவியது யார்? கிழங்கு பெருக்க இடம் வேண்டாமா? போதாததற்குத் தினமும் மண்ணை நோண்டி, "வந்துட்டியா?" என்று விசாரணை வேறு!

காலையில் நானே உட்கார்ந்து, நெருக்கமாக இருந்த செடிகளைப் பிடுங்கி இடைவெளி விட்டிருக்கிறேன். மண் காயாமல் தண்ணீர் ஊற்றுங்கள். யூரியாவை ஒளித்துவிட்டேன், தேட வேண்டாம்.

தர்மதேவி

பி.கு.: பிடுங்கியதைக் குப்பையில் போட மனசு வரவில்லை, உயிரோடு இருந்ததே. துவைக்கிற கல் பக்கத்தில் வரிசையாக நட்டுவிட்டேன்.

இன்னொன்று: பக்கத்து வீட்டு தனம் அக்கா சிரிக்கிறார். "புடுங்கி நட்ட முள்ளங்கி ரெண்டு காலோட கோணலாத்தான் வரும்"னு. வந்தால் திட்டாதீர்கள். கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தேன். தினமும் காபி போட்டுக் கொடுத்தீர்களே, அதேபோல இதற்கும் தண்ணீர் ஊற்றுங்கள்.