நெல் ஏறும் சரிவு

வேலூர்
12-9-1974

அன்புள்ள அமலி அக்காவுக்கு,

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், இருதயசாமி மகன் அடைக்கலசாமி ஆகிய எனக்கு மேலுதட்டில் மீசை அரும்பிவிட்டது. மசி ஒட்டியிருக்கிறது என்று வார்டு ஆயா ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தார். போகவில்லை. ஆகவே மீசைதான். நம் தெருவில் தமுக்கடிக்கச் சொல்லவும்.

மற்றபடி நலம். வைக்கோல் வண்டி உச்சியிலிருந்து விழுந்த அன்று வேலைநிறுத்தம் தொடங்கிய கால்கள் இனி வேலைக்குத் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போகட்டும். இரண்டு கால் போய் நாற்காலி கிடைத்திருக்கிறது. கணக்குப் பார்த்தால் லாபம்தானே? அந்த நாலிலும் காலுக்குப் பதில் சக்கரத்தை மாட்டி ஏமாற்றிவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

கிறிஸ்துமஸோடு இந்த ஆஸ்பத்திரியில் என் சக்கர நாற்காலிப் பயிற்சி முடிகிறது. பொறுப்பிலிருக்கும் கன்னியாஸ்திரி மதர் கூப்பிட்டு, “வீல் சேர் போய்வர வீடு இருக்குன்னு உங்க வீட்டுல எழுதினா அனுப்புறேன். இல்லேன்னா நிரந்தர இல்லத்துல சேர்த்துடலாம்ப்பா” என்றார். நம் குடிசை எனக்குத் தெரியாதா? வெண்ணாற்று வெள்ளத்துக்குப் பயந்து இடுப்பளவு மேட்டில் கட்டியது. உள்ளே போக நீயே குனிய வேண்டும். நீ கேட்டாயே என்று நாற்காலியின் அகலத்துக்கு நூல் அறுத்துக் கவரில் வைத்திருக்கிறேன். ஆனால் வீடு தேடி அலையாதே. எனக்கு இங்கே ராஜ மரியாதை. பேரே அடைக்கலம். யாராவது கொடுக்காமலா போய்விடுவார்கள்?

இப்படிக்கு,
மீசைக்கார அடைக்கலம்


சேசு மரி சூசை துணை

நீடாமங்கலம் வழி
3-10-1974

அன்புத் தம்பி அடைக்கலத்துக்கு அக்கா எழுதுவது. அம்மா, அப்பா, நான் சுகம். மீசைச் செய்தியை அம்மா திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னாள். முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை.

உன் நூலை வைத்து ஒரு மூங்கில் குச்சி வெட்டிக்கொண்டேன். அதைத் தூக்கிக்கொண்டு நீடாமங்கலத்தில் தெருத்தெருவாக வாடகை வீடு பார்க்கிறேன். நிலம் அளக்க வந்தவள் என்று நினைத்து ஒரு கிழவர் சர்வே நம்பர் சொல்ல ஆரம்பித்துவிட்டார். எந்த வீட்டைப் பார்த்தாலும் படி. ஒன்றே ஒன்று தரையோடு தரையாக இருந்தது. பக்கத்து வீட்டம்மா, “ஐப்பசியில வந்து பாரு, சட்டிபானையெல்லாம் மிதக்கும்” என்றாள். இன்னொரு வீட்டில் கதவு குச்சிக்கு ஒத்துவந்தது, படியும் ஒன்றுதான். எந்த ஊர் என்றார்கள், சொன்னேன். எந்தத் தெரு என்றார்கள், அதையும் சொன்னேன். உடனே சாவியைக் காணவில்லை.

கடைசியில் நெய்னா முகம்மது பாயின் நெல் மண்டி. சர்க்கார் கொள்முதல் வந்த பிறகு பாதி பூட்டிக் கிடக்கிறது. வெள்ளம் தொடாத உயரம், ஆனால் படி கிடையாது. மூட்டை வண்டி ஏறுவதற்குத் தெருவிலிருந்தே சரிவு. பின்கட்டில் கணக்குப்பிள்ளை குடியிருந்த இரண்டு அறை. எல்லாக் கதவிலும் குச்சி தாராளமாகப் போனது. பார்த்தாயா, இந்த ஊரில் நெல்லுக்குச் சரிவு வைத்துக் கட்டுகிறார்கள், மனிதருக்குத்தான் படி. பாயிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். “நெல்லு மூட்டையை விடவா கனமா இருக்கும் பிள்ளை? கூட்டிட்டு வாம்மா” என்றார்.

ஒரே ஒரு சங்கடம். நம் மனைக்கட்டுக்குப் பட்டா வந்தும் பண்ணைக் காரியக்காரர் விடுவதாயில்லை. வீடு பூட்டிக் கிடந்தால் ராத்திரியோடு ராத்திரியாக வேலி போட்டுவிடுவார். அதனால் அம்மாவும் நானும் உன்னோடு மண்டியில், அப்பா மட்டும் இங்கே காவலுக்கு என்று பேச்சு. அப்பா மண்வெட்டிக்குக் காம்பு செதுக்கிக்கொண்டிருக்கிறார். உனக்கு வர ஆசைதானே? உள்ளதை எழுது.

அக்கா அமலி


வேலூர்
14-10-1974

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவைத் தனியாகச் சோறாக்க விடுவதா? நல்ல யோசனை. கஞ்சி வடிக்கத் தெரியாமல் பானையோடு வாய்க்காலில் கவிழ்ப்பார், மீன்கள் கொழுக்கும்.

எனக்கு எந்த ஆசையும் இல்லை. போன வாரம் சக்கர நாற்காலி ஓட்டத்தில் நான்தான் முதல். ஞாயிறுதோறும் ஆட்டுக்கறி. கடிகாரம் பழுது பார்க்கக் கற்றுக்கொள்கிறேன். இனி ஊர் உலகத்துக்கே நல்ல நேரம், கெட்ட நேரம் என் கையில். நிரந்தர இல்லத்தில் ஜன்னலோரக் கட்டில் தருவதாகச் சொல்கிறார்கள். நம் ஊர் நினைப்பே வருவதில்லை. சேறும் கொசுவும் நினைத்துப் பார்க்கிற சாமானா? மண்டியை நெல்லுக்கே விட்டுவிடுங்கள்.

ராஜாதிராஜ அடைக்கலம்


சேசு மரி சூசை துணை

நீடாமங்கலம் வழி
5-11-1974

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை அப்பா டீக்கடைக்கு எடுத்துப் போய் எல்லோருக்கும் வாசிக்க வைத்தார். “எம் பய ராசாவாட்டம் இருக்கான்யா” என்று பெருமை. வீட்டுக்கு வந்ததும், நீ விழுந்த நாளிலிருந்து வாசலில் சாய்ந்தே கிடந்த உன் தூண்டிலை எடுத்துப் பரணில் போட்டார்.

மண்டி அறைகளை உரக்கடைக்காரர் கேட்கிறாராம். வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் அப்பா போய், வேண்டாம் என்று பாயிடம் சொல்லப் போகிறார். பாய் வீட்டம்மா மெஹராஜ் பேகம் உன் நாற்காலிக்காகக் கிணற்றடிச் சாக்கடைமேல் பலகை போட்டு வைத்திருந்தார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. குச்சியை அடுப்பில் வைக்க மனம் வரவில்லை, அவரைப் பந்தலுக்கு ஊன்றிவிட்டேன்.

நீ சந்தோஷமாக இருக்கிறாய் என்றால் எங்களுக்கும் அதுதான் வேண்டும்.

அமலி


வேலூர்
7-11-1974
எக்ஸ்பிரஸ் டெலிவரி

அக்கா,

அப்பா பாயிடம் போகுமுன் இது உன் கைக்கு வர வேண்டும். தந்தி கொடுத்திருப்பேன். தபாலாபீஸில் ஒருவரிடம் இதைச் சொல்லி எழுத வைக்க வெட்கமாக இருந்தது.

அந்த ஓட்டத்தில் ஓடியவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் தாத்தாக்கள், படுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கறி எங்கேயோ கொதிக்கும், இங்கே வாசனை மட்டும் வரும். இதுவரை நான் பிரித்த கடிகாரம் எதுவும் திரும்ப ஓடவில்லை. ஜன்னலுக்கு வெளியே பாறையும் வெயிலும்தான். தண்ணீர் ஓடும் சத்தம் இல்லாமல் எனக்குத் தூக்கம் வருவதில்லை என்று குழாயைக் கொஞ்சம் திறந்துவிட்டுப் படுத்தேன். குறும்பு பண்ணுகிறேன் என்று ஆயா திட்டினார். நானும் ஆமாம், குறும்புதான் என்று சொல்லிவிட்டேன்.

அப்பா அங்கே ஒற்றையாகப் படுக்க வேண்டியிருக்குமே என்றுதான் அப்படி எழுதினேன். இப்போது அது தெரிந்துகொண்டேதான் கேட்கிறேன். மண்டியை விடாதீர்கள்.

இன்று காலை மதரிடம், “எங்க வீட்டுல வீடு பாத்துட்டாங்க, மதர். சரிவு வச்ச வீடு” என்று சொல்லிவிட்டேன். ஒரே ஒரு தடவை நான் சொன்னதை நிஜமாக்கிவிடுங்கள், அக்கா. இதை டீக்கடையில் வாசிக்க வேண்டாம். அப்பாவிடம் மட்டும், மெதுவாக வாசி. ராஜா இல்லை, ஒன்றும் இல்லை, பையன் அழுகிறான், வந்து கூட்டிக்கொண்டு போகச் சொல்.

உன் தம்பி
அடைக்கலம்