ஜீப்பு இடப்பக்கம் போகிறது

செப்டம்பர் 3, செவ்வாய்

ஆறு நிமிட அனிமேஷன் படத்துக்கு ஸ்டோரிபோர்டு வரைந்து முடித்து, இன்று சென்னைக்கு அனுப்பிவிட்டேன். ஏலக்காய் எடுக்க மலைக்குப் போகும் ஒரு பெண்ணின் ஒருநாள். விடியலில் ஜீப்பு ஏறுகிறாள், சாயங்காலம் திரும்புகிறாள். வசனமே கிடையாது. நான் கட்டம் கட்டமாக வரைந்ததுதான் கதையைச் சொல்ல வேண்டும்.

அவளுக்கு அம்மாவின் முகம். அம்மாவிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 4

விடியலில் வாசலில், அம்மாவோடு மலைவேலைக்குப் போய்வந்த மருதாயி அத்தையின் குரல். "ஏத்தா அமுதவள்ளி, இன்னிக்கும் வரலையா?"

"மக விடமாட்டேங்குறாளே," என்றாள் அம்மா.

போன மழையில் வழுக்கி விழுந்து முட்டி வீங்கியதிலிருந்து அம்மாவை நான் மலைக்கு அனுப்புவதில்லை. இத்தனை வருஷம் ஓடியது போதாதா? ஆனால் ஜீப்பு சத்தம் தேயும்வரை வாசலிலேயே நிற்கிறாள். புது டி.வி. வாங்கிக் கொடுத்தேன், அதையும் பார்ப்பதில்லை. என்னதான் வேண்டுமாம்?

செப்டம்பர் 9

இயக்குநர் சிவக்குமார் போனில் பேசினார். "ஒவ்வொரு கட்டமும் நல்லா இருக்கு பவதாரணி. ஆனா சேர்த்து ஓட்டினா குழப்புது. காலையிலயே அவங்க வீடு திரும்புற மாதிரி இருக்கு."

மறுபடி ஓட்டிப் பார்த்தால் — அட கிறுக்கி! மலையேறும் ஜீப்பெல்லாம் வலமிருந்து இடம் போகிறது. நாம் படிப்பது இடமிருந்து வலம், கண்ணும் அப்படித்தான் முன்னே போகும். எதிர்த்திசையில் போனால் திரும்பி வருவதாகத் தோன்றும். இந்தத் தொழிலின் அரிச்சுவடி இது.

எப்படிக் கோட்டைவிட்டேன்? எங்கள் வாசல் வடக்கு பார்த்தது. மலை மேற்கே. பிறந்ததிலிருந்து விடியலில் ஜீப்பு என் இடக்கைப் பக்கம் போய்த்தான் பார்த்திருக்கிறேன். கையும் அதையே வரைந்துவிட்டது.

செப்டம்பர் 10

எல்லாக் கட்டங்களையும் திசை மாற்றியாகிவிட்டது. முதுகு விட்டுப்போச்சு.

செப்டம்பர் 11

திருத்தியதை ஓட்டிக்கொண்டிருந்தபோது அம்மா பின்னால் வந்து நின்றாள்.

"என்னடி, இவள எங்கிட்டோ பிடிச்சுக்கிட்டுப் போற மாதிரி இருக்கு?"

பழையதைப் போட்டேன். ஜீப்பு இடப்பக்கம் ஏறியது. அம்மா சிரித்தாள் — அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை மாதமாச்சு!

"இதுதான் சரி. வீட்டுக்குப் போறா."

"வேலைக்குப் போறாம்மா."

"நான் அங்கன மலையில, தோட்டத்து ஆளுக குடியிருக்குற லயத்துலதான ஆத்தா பொறந்தேன்? உங்கப்பாவக் கட்டித்தான கீழ வந்தேன்?"

இது எனக்குத் தெரியாதா? தெரியும், ரேஷன் கார்டில் இருக்கும் விவரம் தெரிவதுபோல. முட்டி வலிக்குதான்னு தினமும் கேட்டேனே, மலையைத் தேடுதான்னு ஒருநாளாவது கேட்டேனா?

செப்டம்பர் 12

சிவக்குமாரிடம் சொன்னேன். "பழையபடியே இருக்கட்டும் சார். அவ மலையில பொறந்தவ. காலையில வீட்டுக்குப் போறா, சாயங்காலம் வீட்ட விட்டு வர்றா. ஆரம்பத்துல ஒரே ஒரு கட்டம் சேர்க்கிறேன், லயத்து வாசல்ல ஒரு சின்னப் பொண்ணு."

"கதையே மாறிடுதே," என்றார். பிறகு, "மாறட்டும். அனுப்புங்க."

படத்தில் அவளை மலைக்கு அனுப்பிவிட்டேன். வீட்டில்?

செப்டம்பர் 15

"மறுபடி விழுந்து தொலைச்சா யாரு பாக்குறது?" என்று கத்திவிட்டேன்.

"நீதான்," என்றாள் அம்மா. கடைசியில் இருவரும் ஒரு முடிவுக்கு வந்தோம்.

வாரம் இரண்டு நாள். மழையென்றால் கிடையாது. குனிந்து காயெடுக்க வேண்டாம், உட்கார்ந்து தரம் பிரித்தால் போதும். மருதாயி அத்தை தோட்டத்தில் வேலை வாங்கும் கங்காணியிடம் பேசிவிட்டார்.

செப்டம்பர் 18

மருதாயி அத்தை இன்று கூப்பிடவே இல்லை. அவர் வருமுன்னே அம்மா தூக்குச்சட்டியோடு வாசலில் நின்றாள். ஜீப்பில் ஏறிக் கையசைத்தாள்.

எப்படித்தான் தெரிகிறது பார்ப்போமே என்று தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் ஜீப்பு வலப்பக்கம் போனது. அம்மா என்னை விட்டு எங்கோ போவதுபோல இருந்தது, அழுகை வந்துவிட்டது. அவசரமாக எங்கள் வாசலுக்கே ஓடிவந்து திரும்பிப் பார்த்தேன்.

அம்மா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.