நாலு பொத்தான் துண்டு

மார்ச் 3, செவ்வாய்

வெட்கத்தை விட்டு ஒன்றை எழுதி வைக்கிறேன். கண்ணாடிக் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, விற்பனைக்கு வைத்திருக்கும் மூக்குக் கண்ணாடிகளை எல்லாம் நான் போட்டுப் பார்ப்பேன். வயசு நாற்பத்தாறு. என் வேலை துடைக்கிற வேலைதான். வருகிறவர்கள் போட்டுப் பார்த்துவிட்டு வைக்கும் ஃபிரேமை மருந்துத் தண்ணீர் தொட்டுத் துடைத்துத் திரும்ப மாட்ட வேண்டும். துடைப்பதற்கு முன்னால் ஒரு தடவை என் மூக்கிலும் ஏறி இறங்கிவிடும். ஒன்றில் தலைமை ஆசிரியை மாதிரி இருப்பேன். இன்னொன்றில் பால் திருடின பூனை மாதிரி.

இன்று ஒரு ஆள் வந்தார். கண் இரண்டும் மிளகாய்ப் பழம். தண்ணீர் வடிய வடியத் தங்கக் கம்பி வைத்த கறுப்புக் கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், கண்ணைத் தேய்த்தார், மறுபடி போட்டார். வாங்காமல் போய்விட்டார். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். என் கை சும்மா இருக்குமா? எடுத்து மாட்டினேன். மூக்குப் பக்கம் கொஞ்சம் ஈரம். இருந்தாலும் சொல்ல வேண்டும் - மகாராணி மாதிரி இருந்தேன்.

மார்ச் 5, வியாழன்

நாத்தனாருக்கு ஆபரேஷன் தேதி கொடுத்துவிட்டார்கள். 27-ஆம் தேதி, வெள்ளி. ஐந்து மாதமாகக் காத்திருந்த தேதி. இரண்டு கண்ணிலும் புரை, முதலில் வலது.

வீட்டுக்காரருக்கு அக்கா. ஐம்பத்து நாலு வயசு, கல்யாணம் வேண்டாம் என்று சொல்லி நின்றவர். எங்களோடுதான் இருக்கிறார். நான் வைத்த பெயர் மேலதிகாரி. தனி டம்ளர், தனி சோப்பு, தனித் துண்டு. இருபத்தாறு வருஷமாகத் தபால் ஆபீஸில் கடிதம் பிரிக்கிற வேலை. யாராலும் படிக்க முடியாத முகவரியை அவரிடம்தான் கொண்டுபோய்க் கொடுப்பார்களாம். இப்போது லீவு. ஏப்ரல் 6-ஆம் தேதி கண்ணோடு வந்தால் பழைய இடம், இல்லாவிட்டால் தபால் மூட்டை கட்டுகிற இடம் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து காலண்டரை மூக்கில் இடித்துக்கொண்டு தேதி பார்க்கிறார்.

இந்த நோட்டை மேசை மேலேயே வைக்கிறேன். வீட்டுக்காரர் பஸ் ஓட்டிவிட்டு வந்தால் காகிதத்தைத் திரும்பிப் பார்க்க மாட்டார். மகள் கைப்பேசியைத் தவிர எதையும் படிக்க மாட்டாள். நாத்தனாருக்குக் கண் தெரியாது. தெரிந்தாலும் ஐந்தாம் வகுப்போடு நின்ற என் எழுத்து கோழி கிளறின குப்பை.

மார்ச் 9, திங்கள்

வலது கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல்.

மார்ச் 10, செவ்வாய்

மணல் இல்லை.

கடையில் விலை போகாத பழைய கறுப்புக் கண்ணாடி ஒன்று கிடந்தது. முதலாளியிடம் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். "இது என்னம்மா கோலம்?" என்றாள் மகள். கடை விளம்பரத்துக்கு முதலாளி போட்டுக்கொள்ளச் சொன்னார் என்றேன். நம்பிவிட்டாள். சமைக்கும்போதும் கழற்றவில்லை. வெங்காயம் எது, உருளைக்கிழங்கு எது என்று தடவித்தான் பார்த்தேன்.

மார்ச் 14, சனி

விடிந்ததும் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "ஏய், லைட்டப் போடு" என்கிறார். லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. இரண்டு கண்ணும் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டு திறக்கவில்லை. சிரித்துவிட்டேன், தப்புதான். அப்புறம் அவர் தலையணையைப் பார்த்தேன். இந்த வாரமெல்லாம் நாங்கள் மாற்றி மாற்றிப் படுத்த தலையணை அது.

நாத்தனார் தன் அறை வாசலிலேயே நின்றார். "ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் ஏறி எறங்குற வண்டி. எவன்கிட்டயோ வாங்கிட்டு வந்திருக்கான். எனக்கு ஆபரேஷன்னு தெரியும்ல?"

"ஆமாங்க்கா. நானும் சொல்லிட்டே இருக்கேன், கையக் கழுவுங்க கையக் கழுவுங்கன்னு" என்றேன். வாய் கூசவில்லை எனக்கு. சொல்லி முடித்துவிட்டு என் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, "பாத்தீங்களா, எனக்கும் ஒட்டிவிட்டுட்டாரு" என்றும் சேர்த்துக்கொண்டேன். வீட்டுக்காரர் ஒட்டின கண்ணோடு என் பக்கம் திரும்பினார்.

டாக்டரிடம் போனோம். இது வைரஸாம். கண்ணைப் பார்த்தாலே ஒட்டும் என்று ஊர் சொல்வது பொய்யாம்; கை, துண்டு, தலையணை வழியாகத்தான் போகுமாம். தானாக அடங்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். ஒட்டின ஆளுக்கு உடனே தெரியாது, ஒரு வாரம் பத்து நாள் கழித்துக்கூடச் சிவக்கலாம். நாத்தனார் விஷயத்தைச் சொன்னேன். "அவங்க கண்ணுல சிவப்பு இருந்தா ஆபரேஷன் பண்ண மாட்டாங்க, ஜாக்கிரதை" என்றார்.

மார்ச் 15, ஞாயிறு

மகள் டாக்டர் ஆகிவிட்டாள். கைப்பேசியில் படித்துப் படித்துச் சட்டம் போடுகிறாள். வீட்டில் உள்ள பழைய துண்டு எல்லாம் வெந்நீரில் கொதிக்க வேண்டும். நாத்தனாரின் தனித் துண்டையும் விடவில்லை. ஆளுக்கு ஒரு நிறத்தில் புதுத் துண்டு வாங்கி வந்து குளியலறையில் நாலு ஆணி அடித்து மாட்டினேன். வீட்டுக்காரருக்குச் சிவப்பு, கண்ணுக்குப் பொருத்தமாக. மகளுக்கு மஞ்சள். நாத்தனாருக்கு நீலம். எனக்குப் பச்சை.

நாத்தனார் நீலத் துண்டை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். "இது நீலந்தானே?"

"நீலங்கூடத் தெரியலியா? உங்க ஆபீஸ்ல சொல்லிரட்டுமாக்கா?" என்றேன்.

"எல்லாந் தெரியுது. நீ உன் வேலையப் பாரு."

மகளும் நானும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

வீட்டுக்காரருக்குச் சொட்டு மருந்து விடுவது யானையைக் குளிப்பாட்டுவதை விடக் கஷ்டம். பஸ்ஸை எதிரில் வரும் லாரிக்கு நேராக ஓட்டுகிற மனுஷன், ஒரு சொட்டுத் தண்ணீருக்குக் கண்ணை இறுக்கிக்கொள்கிறார். ஐந்து சொட்டு மீசைக்குப் போனது, ஒன்று கண்ணுக்கு. மீசைக்கு இனி வைரஸ் வராது.

மார்ச் 19, வியாழன்

சட்டம் போட்டவளுக்கும் கண் சிவந்துவிட்டது. துண்டு தனி, சோப்பு தனி, தலையணை தனி. அப்பாவின் கைப்பேசியை மட்டும் வாங்கி வாங்கி நோண்டினாளாம். கன்னம் வைக்கிறவன் வாசல் வழியாகவா வருவான்?

மிச்சம் இருப்பது ஒரே ஆள். எட்டு நாள்.

மார்ச் 20, வெள்ளி

இன்று சிரிப்பு இல்லை.

காலையில் குளியலறைக் கதவு திறந்திருந்தது. நாத்தனார் முகம் கழுவிவிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். பச்சைத் துண்டில்.

"அக்கா, அது என்னோடது."

"உன்னோடது பச்சை. இது நீலம்."

"அது பச்சைக்கா."

அவர் துண்டை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் இரண்டையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு, "ரெண்டும் ஒண்ணாதான் தெரியுது" என்றார். புரை வந்த கண்ணுக்கு நீலமும் பச்சையும் ஒன்றுதானாம். எந்த ஆணியில் கை போகிறதோ அந்தத் துண்டு. ஆறு நாளாக.

"கேட்டிருக்கலாம்லக்கா?"

"கேட்டேனே."

கேட்டார்தான். நான்தான் ஆபீஸில் சொல்லிவிடுவேன் என்றேன்.

அவருடைய பழைய துண்டு முன்பு அவர் அறைக் கதவுக்குப் பின்னால்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதை விட்டிருந்தாலே போதும். காப்பாற்றுகிறேன் என்று நானே அவரை இழுத்து என் துண்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன்.

மார்ச் 21, சனி

எல்லாத் துண்டையும் கொதிக்க வைத்தேன். காய்ந்த பிறகு ஓரத்தில் சட்டைப் பொத்தான் தைத்தேன். நாத்தனாருக்கு ஒன்று, வீட்டுக்காரருக்கு இரண்டு, மகளுக்கு மூன்று, எனக்கு நாலு. நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"இத மொதல்லயே பண்ணிருக்கலாம்" என்றார்.

"மூளை இப்பதான் வந்துதுக்கா."

"தபால்ல வந்துதோ?"

அவர் என்னைக் கிண்டல் செய்தது இதுதான் முதல் தடவை. சிரித்தேன்.

மார்ச் 24, செவ்வாய்

காலையும் மாலையும் கையைக் கழுவிக்கொண்டு போய் டார்ச் அடித்து அவர் கண்ணைப் பார்க்கிறேன். வெள்ளை. "திருடனப் பிடிக்கிற மாதிரி அடிக்காதடி" என்கிறார்.

மார்ச் 26, வியாழன்

வெள்ளை. வெள்ளை. வெள்ளை. பை கட்டி வைத்துவிட்டார். நாளைக்குப் போட மடிப்புக் கலையாத புடவை.

மார்ச் 27, வெள்ளி

விடிகாலையில் வெள்ளையாகத்தான் இருந்தது. எனக்கு அப்படித்தான் தெரிந்தது - இல்லை, அப்படித் தெரிய வேண்டும் என்று பார்த்தேனோ என்னவோ.

ஆஸ்பத்திரியில் பச்சை உடை மாற்றி, பெயர் எழுதிய பட்டையைக் கையில் கட்டி, வரிசையில் உட்கார வைத்தார்கள். நர்ஸ் வந்து வலது கண்ணைப் பார்த்தாள், அப்புறம் இடது இமையை மெதுவாக இழுத்தாள்; உள்ளே சிவப்பு. உள்ளே போய் டாக்டரைக் கூட்டி வந்தாள். டாக்டர் பார்த்தார். "வீட்ல யாருக்காவது கண்ணு வலி இருந்துச்சா?"

"எல்லாருக்கும்" என்றார் நாத்தனார்.

பட்டையை அறுத்துவிட்டார்கள். அடுத்த தேதி மே 29.

பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தார். அந்த ஜன்னலில் அவருக்கு என்ன தெரியும்? பாதி வழியில் சொன்னார், "எல்லாம் என் தம்பியால. கையக் கழுவத் தெரியாத பய."

அப்பவாவது நான் வாயத் திறந்திருக்கணும். நாந்தாங்க்கா கொண்டாந்தேன், அவர் இல்ல, எவனோ போட்ட கண்ணாடிய எடுத்துப் போட்டுக்கிட்டு ஆட்டம் போட்டேன்னு ஒரு வரி. ஊரையே வாயால வித்துட்டு வர்றவளுக்கு அந்த ஒரு வரி வரல. டிக்கெட்டைச் சுருட்டிக்கிட்டே உக்காந்திருந்தேன்.

மார்ச் 28, சனி

எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 6, திங்கள்

நாத்தனார் ஆபீஸுக்குப் போனார். சிவப்பு போய்விட்டது, புரை போகவில்லை. சொன்ன மாதிரியே மூட்டை கட்டுகிற இடம்.

மாலையில் வந்தவரின் விரலெல்லாம் கயிறு அறுத்த கோடு. எண்ணெய் தடவிவிட்டேன். "படிக்க முடியாத கவர் வந்தா இப்ப என்ன பண்றாங்கக்கா?" என்று கேட்டேன். "திருப்பி அனுப்பிடுறாங்க" என்றார். விரலை இழுத்துக்கொண்டார்.

ஏப்ரல் 15, புதன்

தம்பிக்குத் தினமும் திட்டு. இன்று வண்டிச் சாவியைக் காணோம் என்று தேடினார். "கண்ணுல வைரஸ வச்சிக்கிட்டு வந்தவனுக்குச் சாவி எங்க தெரியப் போவுது?" சாவி என் பையில் இருந்தது. அதற்கும் அவருக்கே திட்டு.

மே 3, ஞாயிறு

வீட்டுக்காரர் மாடியில் துணி காயப்போட உதவினார். அதுவே அதிசயம். கிளிப்பை மாட்டிக்கொண்டே சொல்கிறார், "உனக்குத்தான் மொதல்ல வந்துச்சுன்னு எனக்குத் தெரியும்."

"எப்படிங்க?"

"யாருடி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு வெங்காயம் நறுக்குவா?"

"அப்ப ஏன் சொல்லல?"

"அக்கா திட்டு எனக்கு அம்பது வருஷப் பழக்கம். நீ தாங்க மாட்ட." கிளிப் டப்பாவை மூடினார். "ஆனா நீயே சொல்லிடு. நல்லாருக்கும்."

பேசாத மனுஷன் பேசினால் இப்படித்தான், ஒரு வாரத்துக்குச் சோறு இறங்காது.

மே 12, செவ்வாய்

சொல்லப் போனேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

மே 13, புதன்

சொல்லப் போனேன். அவர் தூங்கவில்லை. நான் போய்ப் படுத்துவிட்டேன்.

மே 29, வெள்ளி

இரண்டு வாரமாகக் கடையில் ஒரு கண்ணாடியும் போட்டுப் பார்க்கவில்லை. வீட்டில் எவர் துண்டையும் எவரும் தொடவில்லை. ஆபரேஷன் நடந்தது. இருபது நிமிஷம். நான் வெளியே நின்று சுவரில் இருந்த அறிவிப்பு எல்லாவற்றையும் எழுத்துக் கூட்டிப் படித்து முடித்துவிட்டேன்.

மே 30, சனி

கட்டுப் பிரித்தார்கள். நாத்தனார் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உனக்கு இவ்ளோ நரையா?"

"இப்பதாங்க்கா வந்துச்சு. காலைல."

வீட்டுக்கு வந்ததும் முதலில் குளியலறைக்குப் போனார். "நீலம்" என்றார். "பச்சை" என்றார். அப்புறம் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தார். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஜூன் 4, வியாழன்

வருகிற திங்கள்கிழமையிலிருந்து நாத்தனாருக்கு ஆபீஸில் பழைய இடம். கண் பழகுவதற்காக நேற்று மதியம் வீட்டில் எதையாவது படிக்கலாம் என்று தேடியிருக்கிறார். மேசை மேல் இந்த நோட்டு இருந்தது. நாலு பேர் கைமாறிய மோசமான முகவரியையே படிக்கிறவர். என் கோழிக் கிளறலில் எங்கேயும் தடுமாறவில்லை என்று பக்கத்தில் இருந்த மகள் சொன்னாள். மார்ச் 27-க்குக் கீழே பென்சிலில் ஒரு வரி இருக்கிறது: "கிடைத்தது. தாமதம் 68 நாள்."

தம்பிக்கு நேற்று மாலை அவரே டீ போட்டுக் கொடுத்தார்.

இன்று காலை முகத்தில் சோப்பைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடியபடி என் ஆணியைத் தடவினேன். ஆணி மட்டும் இருந்தது. துண்டு, தரை துடைக்கிற கம்பு நுனியில் கட்டப்பட்டு வாளிக்குள் நின்றது. பொத்தான்கள் நாலும் பத்திரமாக வெட்டி எடுக்கப்பட்டு இந்த நோட்டின் மேல் வரிசையாக இருந்தன. முகத்தை மின்விசிறிக்குக் கீழே காய வைத்தேன்.